படமில்லாத இரங்கல் தாள்

கெர்கினா பலபானோவா கடையில் ஊறுகாய் ஜாடி வாங்கினால், பணம் கொடுக்கும் முன் அதைக் காதருகே கொண்டுபோய் மூடியை நடுவிரலால் தட்டுவாள். கணீரென்று கேட்டால் பைக்குள் போகும். மந்தமாகக் கேட்டால் கடைக்காரனை ஒரு பார்வை பார்ப்பாள். அவன் செய்யாத தப்பையும் ஒப்புக்கொண்டுவிடுவான். எங்கள் ஊரான கமென்பிரேக்கில் இருந்த காய்கறி அடைக்கும் ஆலையில் இருபத்திரண்டு வருடம் அவளுக்கு அதுதான் வேலை. வரிசையாக வரும் ஜாடிகளைத் தட்டி, காற்றுப் புகுந்ததைப் பொறுக்கித் தள்ளுவது. ஆலையை மூடிவிட்டார்கள், அந்த விரல் மட்டும் ஓயவில்லை. மனிதர்களைத் தட்ட ஆரம்பித்தாள்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் கேட்டு வந்த இரண்டு பேரிடமும் சத்தம் சரியில்லை என்று அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள். பால்காரன் சிரித்தால் பாலில் தண்ணீர். சிரிக்காவிட்டால் நிச்சயமாகத் தண்ணீர். என்னைவிட ஏழு வயது மூத்தவள். நேரில் அக்கா என்பேன், எழுதும்போது அவள்தான். நான் ஸ்தான்கா, நூலகம், நடனம், இசை வகுப்பு எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ் நடக்கும் ஊர்ப் படிப்பகத்தின் நூலகர். அவள் அங்கே செயலாளர். என் மேசையில் இருக்கும் பசைக்குப்பி இடம் மாறினால்கூட யார் வந்தார்கள் என்று விசாரணை வைப்பவளோடு பதினான்கு வருடம் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்குப் பதக்கம் கொடுக்க வேண்டும்.

படிப்பகத்துக்கு ஒரு வலைத்தளம் உண்டு. மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரன் வந்து, எல்லோரும் வைத்திருக்கும் ஆயத்தச் சட்டகம் ஒன்றை நிறுவிக் கொடுத்துவிட்டுப் போனான். எழுதுவதை எழுதி, படத்தை ஏற்றி, ஒரு பொத்தானை அழுத்தினால் உலகம் பார்க்கும் என்றான். உலகம் பார்க்கவில்லை. நடனக் குழுவின் படங்களைப் போட்டோம், அக்கார்டியன் வகுப்பைப் பற்றிப் போட்டோம், நடனக் குழுவினரே பார்க்கவில்லை. பிறகுதான் கெர்கினா இரங்கல் பக்கத்தை ஆரம்பித்தாள்.

எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் படத்தோடு கருப்புக் கரை போட்ட தாள் அடித்து வீட்டு வாசலிலும் பேருந்து நிறுத்தத்திலும் அதை ஒட்டி நிற்கும் லிண்டன் மரத்திலும் ஒட்டுவோம். நாற்பதாம் நாள், ஆறாம் மாதம், ஓராண்டு என்று மறுபடி மறுபடி ஒட்டுவோம். ஒட்டிய தாளை யாரும் கிழிப்பதில்லை. மழை எடுத்துக்கொண்டு போகும்வரை அது இருக்கும். ஆனால் ஊரில் பாதிப்பேர் மியூனிக்கிலும் வலென்சியாவிலும் இருக்கிறார்கள். லிண்டன் மரம் அவர்களுக்கு எப்படித் தெரியும்? அவர்களுக்காகத்தான் இந்தப் பக்கம். குடும்பத்தார் பெயரையும் தேதியையும் நிரப்பி, படத்தை ஏற்ற வேண்டும். கெர்கினா பார்த்து அனுமதிப்பாள். மூன்றே மாதத்தில் மாவட்டச் செய்தித்தாளைவிட அதிகம் பேர் படித்தார்கள்.

படிவம் இரண்டு வகைப் படக் கோப்பைத்தான் ஏற்றுக்கொள்ளும். மற்றதையெல்லாம் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்பும். ஒரு நாள் எழுபது வயதுப் பெண் ஒருத்தி கணவனின் படத்தோடு எங்கள் அறைக்கே வந்துவிட்டாள். மகள் ஜெர்மனியிலிருந்து புதுக் கைபேசியில் அனுப்பிய படம். மூன்று தடவை ஏற்றினோம், மூன்று தடவையும் சிவப்பு. அந்தம்மா திரையைப் பார்த்துச் சொன்னாள்: "ஆஸ்பத்திரியிலயும் எடம் இல்லன்னாங்க. இங்கயும் அவர எடுத்துக்க மாட்டாங்களா?"

கெர்கினா எழுந்து போய் ஒப்பந்தக்காரனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவன் ஏதேதோ சொல்லிப் பார்த்தான், ஆபத்து என்றுகூடச் சொன்னான்.

"நீ சின்ன வயசு, உனக்குத் தெரியாது. செத்தவங்க படத்த எந்தப் பொட்டியும் திருப்பி அனுப்பக் கூடாது. எது வந்தாலும் வாங்கிக்கணும். இன்னைக்கே பண்ணு."

அவன் செய்துவிட்டான். அதற்குப் பிறகு படிவம் எதையும் திருப்பவில்லை. பக்கத்தில் இருந்த நான் அவளைப் பாராட்டவும் செய்தேன். மூடியைத் தட்டாமல் ஒரு ஜாடியைக்கூட வாங்காதவள் வாசல் காவலை எடுத்துவிட்டாள் என்பது எனக்கும் அப்போது உறைக்கவில்லை.

மெதோதியைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்தை ஒட்டிய சின்னக் கடையில் முப்பது வருடமாக இரங்கல் தாள் அச்சடிப்பவர். கெர்கினாவுக்கு அடுத்த வீடு. அவர் வீட்டுத் திராட்சைக்கொடி அவள் முற்றத்தில்தான் காய்க்கும், பறிப்பது யார் என்று வருடா வருடம் வாய்ச்சண்டை நடக்கும். பழத்தை இருவரும்தான் தின்பார்கள். ஆனால் அவர்களுக்கிடையே பழைய முள் ஒன்றும் இருந்தது. கெர்கினாவின் தம்பி அத்தனாஸ் ஸ்பெயினுக்கு ஆரஞ்சு பறிக்கப் போய் அங்கேயே செத்தான். இரண்டு மாதம் கழித்துத்தான் தகவல் வந்தது. வீட்டில் இருந்த ஒரே நல்ல படத்தை அவன் பாஸ்போர்ட்டுக்காக எடுத்துக்கொண்டு போயிருந்தான். படம் இல்லாமல் தாள் அடித்தால் யாரென்று ஊருக்குத் தெரியாது, பிறகு பார்க்கலாம் என்று மெதோதி சொன்னார். பிறகு பார்க்கவேயில்லை. இருபது வருடம் ஆகிறது. அத்தனாஸுக்காக எங்கள் ஊரில் ஒரு தாள்கூட ஒட்டப்படவில்லை.

போன ஜனவரி பதினொன்றாம் தேதி படிவத்தில் ஒரு புதுப் பெயர் வந்தது. பாவெல் ரைன்கோவ், ஐம்பத்து மூன்று வயது, முந்தைய நாள் காலமானார். கீழே ஒரே ஒரு வரி, அதுவும் வெளிநாட்டுக்காரன் எழுதியது போன்ற கோணல் வரி. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சின்னச் சதுரம், அதன் மூலையில் கிழிந்தது போல ஓர் அடையாளம். படம் திறக்கவில்லை.

வேறு எதற்காவது இப்படி வந்திருந்தால் கெர்கினா எங்கள் அறையையே தலைகீழாக்கியிருப்பாள். இதற்கு மட்டும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரைன்கோவ் குடும்பத்தை யாருக்காவது தெரியுமா என்று ரொட்டிக் கடையிலும் தேவாலயத்திலும் கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை.

"எங்கயோ கட்டட வேல செஞ்சிட்டு இருந்திருப்பான். கூட இருந்தவன் யாரோ நல்ல மனசோட அனுப்பியிருக்கான். எழுதக்கூடத் தெரியல பாவம்," என்றாள்.

"அக்கா, ஊருல ஒருத்தருக்கும் தெரியலயே."

"அத்தனாஸ அந்த ஊருல எத்தன பேருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

அனுமதிப் பொத்தானை அழுத்தினாள். மாலையில் இரண்டு கார்னேஷன் பூ வாங்கிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள், மெழுகுவத்தித் தாங்கியில் இறந்தவர்களுக்கென்று இருக்கும் கீழ்த்தட்டு மணலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். நாற்பதாம் நாளான பிப்ரவரி பதினெட்டுக்கு, கோதுமையை அவித்துச் சர்க்கரை தூவி எல்லோருக்கும் கிண்ணத்தில் கொடுத்தாள். நானும் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. அன்றைக்கு ஒட்டுவதற்கு ஒரு தாள் அடித்துத் தரச் சொல்லி மெதோதியிடம் போயிருந்தாள்.

அவள் எழுதிக் கொடுத்த தாளை மெதோதி திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறார். "படமும் இல்ல, சொந்தமும் இல்ல. எனக்கு என்னமோ இது சரியாப் படல கெர்கினா."

"செத்தவன் மேலயும் சந்தேகமா? வெக்கமா இல்லையா உனக்கு? இருபது வருசத்துக்கு முந்தியும் இதத்தான் சொன்ன."

அவர் அச்சடித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இருவருமாக லிண்டன் மரத்திலும் படிப்பகத்துக் கதவிலும் ஒட்டினார்கள். படமிருக்கும் இடத்தில் ஒரு சிலுவை மட்டும் போட்டிருந்தார்.

நான்கு நாள் கழித்து மியூனிக்கிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். அப்பாவின் இரங்கல் பக்கத்தைத் திறந்தால் ஒரு சக்கரம் சுழல்கிறது, நீங்கள் கைபேசி வென்றுவிட்டீர்கள், பந்தயம் கட்டுங்கள் என்று வருகிறது என்றாள். அழுகிறாளா திட்டுகிறாளா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. அன்றைக்குள் பதினாறு அழைப்புகள். எந்த இறந்தவரின் பெயரை அழுத்தினாலும் சூதாட்டச் சக்கரம். எங்கள் கணினியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது, கைபேசியில் திறந்தவர்களுக்கு மட்டும் அப்படி வந்தது. அது இன்னும் பயமாக இருந்தது. படிப்பகத் தலைவர் ராங்கெல் பக்கத்தை மூடச் சொல்லிவிட்டு, இது உள்ளூர் ஆள் வேலைதான் என்றார். அவர் எதையும் யோசிக்காமல் சொல்பவர், அன்றும் யோசிக்கவில்லை.

ஆனால் கெர்கினாவுக்கு அந்த ஒரு சொல் போதும். மறுநாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டாள். முதல் நாள் ஒப்பந்தக்காரன் மேல் சந்தேகம். இரண்டாம் நாள் அக்கார்டியன் வாத்தியார், ஏனென்றால் அவர் வகுப்பின் பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. மூன்றாம் நாள் நான். முன்தினம் ஏன் பத்து நிமிடம் முன்னதாக வந்தாய் என்று கேட்டாள், பேருந்து சீக்கிரம் வந்தது என்றேன், பேருந்து நிலையத்துக்குப் போன் போட்டு விசாரித்தாள். நானும் சும்மா இருக்கவில்லை. அவள் வெளியே போனபோது அவள் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊரே அப்படித்தான் ஆகியிருந்தது. ரொட்டி வாங்க நிற்கும் வரிசையில் யாரும் கைபேசியை வெளியே எடுப்பதில்லை.

நான்காம் நாள் நோட்டில் மெதோதி பெயர் வந்தது. அதற்குப் பிறகு வேறு பெயர் வரவில்லை.

மார்ச் முதல் தேதி படிப்பகத்தில் கூட்டம். அன்றைக்கு வசந்தம் பிறக்கிறது என்று, எல்லோரும் எல்லோருக்கும் நலம் வேண்டி மணிக்கட்டில் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டுவோம். நாரையையோ பூத்த மரத்தையோ பார்த்த பிறகுதான் அவிழ்ப்போம். வழக்கம்போல் மெதோதி ஒரு கைப்பிடிக் கயிறோடு வந்தார், முதலில் கெர்கினாவுக்குக் கட்டினார். அவள் கையை நீட்டினாள், கட்ட விட்டாள். பிறகு எழுந்து நோட்டைப் பிரித்தாள்.

ஜனவரி ஐந்தாம் தேதி மெதோதி அவளுடைய கணினியில் பதினொரு நிமிடம் உட்கார்ந்திருந்தார். இரங்கல் பக்கம் வந்ததிலிருந்து அவர் கடையில் கூட்டம் குறைந்துவிட்டது. பக்கம் நாசமானால் லாபம் ஒரே ஒருவருக்குத்தான். எல்லாவற்றையும் நிதானமாக வாசித்தாள். பிறகு ராங்கெலின் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, மணிக்கட்டுக் கயிற்றை வெட்டி, அவர் முன்னால் வைத்தாள்.

மெதோதி அந்தக் கயிற்றைப் பார்த்தார்.

"உக்காந்தேன், உண்மைதான். புருசன் படத்த ஏத்தத் தெரியாம ஒரு கெழவி அழுதுட்டு நின்னா, அதுக்கு உக்காந்தேன். நீ அன்னைக்கு பேங்குக்குப் போயிருந்த, ஸ்தான்கா லீவு." தொப்பியை எடுத்துக்கொண்டார். "நாப்பது வருசமா பக்கத்து வீடு. ஒரு வார்த்த என்கிட்ட தனியா கேட்டிருக்கலாம்."

காவல்துறையில் புகார் கொடுக்கலாமா என்று ராங்கெல் கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஏன் என்று கேட்காதீர்கள், எல்லாக் கையும் மேலே இருக்கும்போது ஒரு கை கீழே இருந்தால் அந்தக் கையைத்தான் பார்ப்பார்கள் என்று பயந்தேன்.

மாவட்டத்திலிருந்து காவலர் வந்து மெதோதியின் கணினியைத் தூக்கிக்கொண்டு போனார். திரும்பக் கொடுத்தாலும் பயனிருக்கும் என்று தோன்றவில்லை. செத்தவர்களை வைத்துச் சூதாடியவன் என்று பெயர் எடுத்தவனிடம் தன் அப்பாவின் பெயரை அச்சடிக்க யார் கொடுப்பார்கள்? அந்த மாதத்தில் ஊரில் நான்கு சாவு. நான்கு தாளும் பக்கத்து ஊரில் அடித்து வந்தன. மெதோதி தினமும் கடையைத் திறந்து, வாசலைக் கூட்டி, உள்ளே உட்கார்ந்திருப்பார். அடுத்த மாதம் கடையை ஒழித்துவிட்டு மகள் இருக்கும் வார்னாவுக்குப் போகப் போகிறார் என்று ரொட்டிக் கடையில் சொன்னார்கள். கெர்கினா அதைக் கேட்டு, பார்த்தாயா, குற்றம் செய்தவன்தான் ஓடுவான் என்றாள். ஆனால் ஜன்னலோரம் நின்று அந்தக் கடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மார்ச் மூன்றாம் வாரம் பிளவ்திவிலிருந்து இலியானா என்ற பெண் வந்தாள். இதுபோல் கெட்டுப்போன வலைத்தளங்களைச் சுத்தம் செய்வது அவள் தொழில். காலையில் கெர்கினாவின் நாற்காலியில் உட்கார்ந்தவள் இரண்டு காப்பி குடித்தாள், கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். கெர்கினா பின்னால் நின்று அவள் விரலையே கவனித்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண்ணையும் சந்தேகப்படுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

"படங்கள் எல்லாம் இந்த ஒரு ஃபோல்டர்லதான் இருக்கு," என்றாள் இலியானா கடைசியில். "மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு. அதுல ஒண்ணு படமே இல்ல. ப்ரோக்ராம். உங்க ஃபார்ம் எது குடுத்தாலும் வாங்கிக்குது, வாங்கினத சர்வர் ஓட விடுது. படம்னு சொல்லி உள்ள வந்து, வெளியில இருந்து ஒருத்தன் சொல்ற வேலையெல்லாம் செஞ்சிட்டு இருந்திருக்கு. அதுதான் சக்கரத்த மாட்டினது."

"உள்ளூர்ல யாரு ஏத்தினது?" என்றாள் கெர்கினா.

"உள்ளூரே இல்ல. இந்த மாதிரி திறந்து கெடக்குற ஃபார்ம தேடிட்டே இருப்பாங்க, எந்த நாடுன்னுகூட அவங்களுக்குத் தெரியாது. பேரு, வயசு எல்லாம் சும்மா நிரப்புனது. ஜனவரி பதினொண்ணு. பாவெல் ரைன்கோவ்னு போட்டிருக்கு. அப்பிடி ஒரு ஆளே இருந்திருக்க மாட்டான்."

நான் கெர்கினாவைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. ஊரில் ஒருவரையும் நம்பாதவள் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை தட்டாமல் உள்ளே விட்டது இதைத்தான். மெழுகுவத்தி ஏற்றி, கோதுமை அவித்து, பூவும் வைத்திருந்தாள்.

"படம் ஒண்ணுமே தெரியாதப்போ உங்களுக்கு சந்தேகம் வரலயா?" என்று இலியானா கேட்டாள். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை.

"வந்துச்சு," என்றாள் கெர்கினா. "மெதோதிக்கு வந்துச்சு."

பிறகு, படிவத்தை இனி என்ன செய்வது என்று கேட்டாள். மறுபடியும் கைம்பெண்களைத் திருப்பி அனுப்பப் போகிறதா? அனுப்பாது என்றாள் இலியானா. எந்த வகைப் படமானாலும் வாங்கிக்கொள்ளும், ஆனால் உண்மையிலேயே படமா என்று முதலில் பிரித்துப் பார்க்கும், புதிதாக வேறு பெயரில் எழுதி வைக்கும், வைக்கும் இடத்தில் எதுவும் ஓடாது.

"உள்ள விடுறதுக்கு முந்தி தட்டிப் பாக்கும்," என்றாள் கெர்கினா.

"ஆமா. அவ்வளவுதான்."

ரைன்கோவின் பக்கத்தை அவளே அழித்தாள். பிறகு ஒரு தாளில் ஏதோ எழுதி மடித்துக்கொண்டு, மேல்கோட்டுகூடப் போடாமல் வெளியே போனாள். நான் பின்னால் ஓடினேன். பட்டப்பகல், பேருந்துக்கு நிற்கிறவர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். லிண்டன் மரத்தில் ரைன்கோவின் நாற்பதாம் நாள் தாள் இன்னும் இருந்தது. கெர்கினா அதை நகத்தால் சுரண்டிக் கிழித்தாள். எங்கள் ஊரில் இரங்கல் தாளைக் கிழித்த கையை நான் பார்த்ததில்லை. ஒரு கிழவர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். கிழித்த துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நேராக மெதோதியின் கடைக்குள் போனாள்.

அவர் அட்டைப் பெட்டிகளில் எழுத்தச்சுத் தட்டுகளைக் கட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், உட்காரச் சொல்லவில்லை. கெர்கினா தான் எழுதி மடித்துக் கொண்டுவந்த தாளைப் பிரித்தாள். அவர் மேசைமேல் வைத்தாள். கூடவே அடையாள அட்டைக்கு எடுத்த தன் படம்.

கெர்கினா பலபானோவா உயிரோடு இருக்கிறேன். மெதோதிமேல் நான் சுமத்திய குற்றம் பொய். கதவைத் திறந்து வைத்தவள் நான். அவர் எச்சரித்தார், நான் கேட்கவில்லை. இதுதான் எழுதியிருந்தது.

மெதோதி படித்தார். மறுபடி படித்தார். படத்தை எடுத்துக் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"இரங்கல் தாளு அளவுலயா?"

"அதே அளவு. ஒட்டுற எடமும் அதே எடம்தான்."

"மழை வர்ற வரைக்கும் யாரும் கிழிக்க மாட்டாங்க. தெரியும்ல?"

"தெரியும். அதனாலதான்."

"கருப்புக் கரை போடவா?"

பதினான்கு வருடத்தில் நான் முதல் முறையாக அவள் அழுததைப் பார்த்தேன். மெதோதி அதற்குமேல் சீண்டவில்லை. கணினி காவல்துறையில் இருந்தது, அதனால் பெட்டியில் கட்டிய பழைய எழுத்துகளை அவிழ்த்துக் கையால் கோத்தார். நாற்பது பிரதி அடித்து, படத்தை நகலெடுத்து ஒவ்வொன்றிலும் ஒட்டி முடிக்க மாலை ஆகிவிட்டது. கரை போடவில்லை.

ஒட்டும் வேலையை அவளே செய்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். கை தூக்கினதற்கு அதையாவது செய்ய வேண்டாமா? பேருந்து நிறுத்தம், ரொட்டிக் கடை, தேவாலய மதில், லிண்டன் மரம். மெதோதி தன் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார், உதவிக்கு வரவில்லை. ஒரே ஒரு தாள் மீதமிருந்தபோது வந்து அதை அவள் கையிலிருந்து வாங்கினார். படிப்பகத்துக் கதவிலிருந்த ரைன்கோவைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் தானே ஒட்டினார். மேலே கூரை நீண்டிருக்கும், அங்கே மழை அடிக்காது. முப்பது வருடம் தாள் ஒட்டியவருக்கு அது தெரியாமலா இருக்கும்?

ஏப்ரல் மழையில் மற்றதெல்லாம் கரைந்துவிட்டது. மெதோதி வார்னாவுக்குப் போகவில்லை. கெர்கினாவோடு பேசுகிறாரா என்றால், திராட்சையைப் பற்றி மட்டும் பேசுகிறார். படிப்பகத்துக் கதவில் அந்தத் தாள் இன்னும் இருக்கிறது. யாரும் கிழிப்பதில்லை. தினமும் காலையில் கெர்கினா தன் படத்துக்கு முன்னால் நின்றுதான் சாவியைப் போட்டுத் திறக்கிறாள்.